முதல் பெட்டி போன இடம்

விச்சு,

நீயும் அனுவும் வந்திருந்தபோது ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். கத்தரிக்கோல் தேடி என் அலமாரியைத் திறந்த அனு, உள்ளே கிடந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தாள். முடி முன்னால் விழாமல் இருக்க நன்றாக இருக்கிறது என்றாள். அது என்னவென்று கேட்டதும் நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கோவிட் சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு முகத்தை மறைக்கும் ஷீல்டு செய்தோம், அதில் மிஞ்சியது என்று. என் மருமகளுக்கு ஒரே சந்தோஷம். சோற்றில் கை வைத்தபடியே உன்னைப் பார்த்து, "அப்போ நீயும் அம்மா செஞ்ச ஷீல்டுதானே போட்டது? இத்தனை நாள் எங்கிட்ட பறஞ்சதே இல்லையே!" என்றாள். நீ அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "ரசம் இருக்காம்மா?" என்றாய். உன் தட்டில் ரசம் அப்போதுதான் ஊற்றியிருந்தேன். அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து, கை கழுவும் இடத்தில் அனு என்னிடம் வந்து "சாரி அம்மா" என்றாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

போனில் இதைப் பேச முடியாது. போனில் நீ "சாப்ட்டியா?" என்பாய், நான் "நீ சாப்ட்டியா?" என்பேன், பிறகு அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். இத்தனை வருஷமாக நம் பேச்சு அப்படித்தான் நடக்கிறது. குறை சொல்லவும் இடமில்லை. வாரம் தவறாமல் கூப்பிடுகிறாய், என் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து கூடவே இருந்தாய். இங்கே ஸ்ரீவராகத்தில் நம் தெருவில் யாரைக் கேட்டாலும் விச்சு மாதிரிப் பிள்ளை கிடைக்காது என்பார்கள். அடுத்த மாதம் நீங்கள் நியூசிலாந்துக்குப் போகிறீர்கள். குழந்தை அங்கேதான் பிறக்கும். அடுத்த முறை நீ வரும்போது இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு நினைவு இருக்குமோ என்னவோ. அதனால் எழுதுகிறேன். இதை அனு படித்தாலும் சரி, வேறு யார் படித்தாலும் சரி, இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் தெரியும், உனக்கும் தெரியும். நம் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும்தான் பேசப்படாமல் கிடக்கிறது.

ஊரடங்கு வந்து ஊரே வாயடைத்துப் போயிருந்த நாட்கள். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது. ஒருநாள் காலையில் லதிகா டீச்சர் போன் செய்தார். நீ பத்தாவது படித்தபோது உனக்கு மலையாளம் எடுத்தவர். கோவிட் வந்தபோது அவர்தான் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. எங்கள் ஃபிசிக்ஸ் லேபில் ஒரு த்ரீ-டி பிரிண்டர் இருந்தது, பிள்ளைகள் அதில் சாவிக்கொத்துக்குப் பொம்மை அச்சடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலையில் மாட்டும் பட்டையை அதில் அச்சடித்து, முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் பொருத்தினால் ஷீல்டு ஆகிவிடும், ஆஸ்பத்திரிகளில் ஒன்றும் கிடைக்காமல் தவிக்கிறார்கள், நாம் செய்தால் என்ன என்று கேட்டார். "லேப் சாவி உங்க கையிலல்லே, டீச்சரே? நீங்க வந்தா நடக்கும்" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் பாஸ் வாங்கிக்கொண்டு நடந்தே போனேன். கோடை விடுமுறையில்கூடப் பள்ளிக்கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பழைய புரொஜெக்டருக்காக வாங்கி, யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்த பிளாஸ்டிக் தாள்கள் முதல் பெட்டிக்குப் போதுமானதாக இருந்தன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஃபோம் துண்டு வெட்டி, எலாஸ்டிக் அளந்து, பையில் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். சில நாள் ரோந்து ஜீப்பில் வருகிற ஒரு கான்ஸ்டபிளே அதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போவார். முதலில் செய்த ஷீல்டை அப்பாவுக்கு மாட்டிவிட்டுப் பேப்பர் படிக்கச் சொன்னேன். இரண்டு செய்தி படிப்பதற்குள் மூச்சுக்காற்று பட்டுத் தாள் மங்கிவிட்டது. "எனக்குக் கண்ணே போயிடுத்துடி" என்றார். நெற்றியில் வைக்கும் ஃபோமைத் தடிமனாக்கித் தாளை மூக்கிலிருந்து தள்ளி வைத்தேன். தாடைக்குக் கீழே நீளம் கூட்டினேன். பிரிண்டர் ஓடும்போது வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை வரும். ஒரே ஒரு பட்டை அச்சாகி வருவதற்குள் நான் ஒரு பாடமே நடத்தி முடித்திருப்பேன், அவ்வளவு மெதுவான யந்திரம். ஒரு பெட்டி நிறைய அதனால்தான் அத்தனை நாள் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். உன்னைப் பற்றிய பயம் வீட்டில் இருக்கும்போதுதான் வரும். லேபில் கைக்கு வேலை இருந்தது.

நீ அப்போது மயக்க மருந்துத் துறையில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாய். கோவிட் ஐசியுவில் டியூட்டி போட்டிருந்தார்கள். மூச்சுவிட முடியாமல் வருகிறவர்களின் வாயைத் திறந்து தொண்டைக்குள் குழாய் இறக்குவது உன் வேலை. ஒரு நோயாளியின் மூச்சுக்கு அதைவிடப் பக்கத்தில் போகிற வேலை ஆஸ்பத்திரியில் வேறு இல்லை என்று நீயே ஒருமுறை பெருமையாகச் சொன்னாய். எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஹாஸ்டலிலேயே தங்கிக்கொண்டாய். துணி மாற்றிக்கொண்டு போக வரும்போது தெருமுனையில் நிற்பாய். நான் பையைக் கொண்டுவந்து நடுத்தெருவில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்வேன், நீ வந்து எடுத்துக்கொள்வாய். அந்த நேரத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய்.

இனி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அவளைப் பார்த்ததில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடித்தனம். புருஷனுக்கு ஓட்டலில் மாவாட்டுகிற வேலை, ஓட்டல் மூடியதும் அது போயிற்று. மகள் எங்களிடம் ஒன்பதாவது படித்தாள். செல்வி வேலை பார்த்தது உன் ஆஸ்பத்திரியில்தான், காய்ச்சலோடு வருகிறவர்களை முதலில் உட்கார வைக்கும் கட்டடத்தில், ஒப்பந்தத் துப்புரவு வேலை. மகள் வெட்டிய ஃபோம் துண்டுகளைக் கொடுக்க ஒருநாள் அவளே வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, என் கையிலிருந்த ஷீல்டைப் பார்த்து, "இது டாக்டர்மாருக்கா, டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரில வேலை பார்க்கிற எல்லாருக்கும்தான்" என்றேன்.

"எல்லாருக்கும்னுதான் சொல்லுதாவ. எங்களுக்கு ஒரு துணி மாஸ்க்கு மட்டும்தான் தந்தாவ. யாரும் வாந்தி எடுத்தா நாங்கதான் அள்ளுதோம். கேட்டா, அடுத்த லோடுல வரும்ங்காவ." ஃபோம் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு கிடைச்சாக்கூடப் போதும், டீச்சர். மாத்தி மாத்திப் போட்டுக்கிடுவோம்."

மாற்றி மாற்றிப் போடக் கூடாது என்று நான் வகுப்பில் சொல்வது மாதிரி அவளுக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சின் அர்த்தமே எனக்கு உறைத்தது. முதல் பெட்டி உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தேன். லதிகா டீச்சரிடம் சொன்னபோது, அதுதான் நியாயம் என்றார்.

பெட்டி நிறைந்த அன்று மத்தியானம் நீ கூப்பிட்டாய். நான் மேல்மூடியை ஒட்டுவதற்கு டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்க ஸ்கூல்ல ஷீல்டு பண்றேளாமே? லதிகா டீச்சர் போட்ட போட்டோவ ஃபைசல் இப்பதான் காட்டினான்."

"ஆமாண்டா. நன்னா வந்திருக்கு."

"எங்க ஐசியுல இருக்கறதெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுத் தொடச்சுப் பால் மாதிரி ஆயிடுத்தும்மா. ட்யூப் போடறச்சே ஒண்ணுமே தெரியல. நேத்திக்கு ஷீல்டத் தூக்கிண்டுதான் போட்டேன். ஒரு பெட்டி கிடைக்குமா?"

தூக்கிக்கொண்டு போட்டேன் என்று நீ சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. விழவில்லை என்று சொல்லமாட்டேன். கிழித்த டேப்பை மேல்மூடியில் ஒட்டினேன். பிறகு சொன்னேன்: "இந்தப் பெட்டிய க்ளீனிங் பண்றவாளுக்குச் சொல்லியாச்சு, விச்சு. அவாளுக்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்குப் பழசாவது இருக்கே. அடுத்தது உங்களுக்குத்தான். வேகமாப் பண்ணிடறேன்."

"பாதி?" என்று கேட்டாய்.

"பாதி குடுத்தா அவாளுக்குப் பத்தாதுடா."

"சரிம்மா. அவாளுக்கே குடு. அவாளுக்கும் வேணும்தானே" என்றாய். அப்புறம், "சாரமில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

பரவாயில்லை என்பதற்கு மலையாளம் கலந்து நம் தெருவில் புழங்குகிற அந்தச் 'சாரமில்ல'யை நீ எத்தனை வயசில் சொல்லத் தொடங்கினாய் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே உன்னைச் சேர்த்தேன். டீச்சர் பிள்ளைக்கு மட்டும் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது என் பிடிவாதம். பிறந்தநாள் மிட்டாய் வந்தால் உனக்குக் கடைசியாகக் கொடுப்பேன். பேச்சுப் போட்டியில் இரண்டு பேர் சமமாக வந்தால் மற்றப் பிள்ளையின் பெயரைப் படிப்பேன். நீ நான்காவது படிக்கும்போது ஐப்பசி மாதத்துத் துலாவர்ஷ மழை நாள். நம்மிடம் இருந்தது ஒரே குடை. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த இன்னொரு பையனுக்கு அதைக் கொடுத்து, அவனை அவன் அம்மாவோடு அனுப்பிவிட்டேன். எனக்கு ஸ்டாஃப் மீட்டிங் இருந்தது. நீ கிழக்கேக்கோட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்ரீவராகம் வீடு வரை நனைந்துகொண்டே போனாய். நான் வீட்டுக்கு வந்து, "கோவமாடா?" என்று கேட்டதற்குத் தலையைத் துவட்டியபடி, "சாரமில்லம்மா" என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பக்கத்து வீட்டில் சொல்லி மாளவில்லை. ஒரு குழந்தை அப்படிச் சொன்னால் அம்மா சந்தோஷப்படுகிறாள் என்று தெரிந்துவிட்டால், பிறகு அது வேறு எதைத்தான் சொல்லும்? நீ அன்று போனில் சொன்ன 'சரி' உன் மனசிலிருந்து வந்ததா, இல்லை நான் பழக்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைப் போட்டுக் குடைகிறது.

முதல் பெட்டி செல்வியின் கட்டடத்துக்குப் போனது. அடுத்த பெட்டிக்குப் பட்டைகள் தயாராகிக்கொண்டிருந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் மொத்தமாக விற்கிற கடைக்காரர் கதவைத் திறந்து கொடுக்கத் தயார்தான். ஆனால் அந்தத் தெருவில் யாருக்கோ நோய் வந்து, போலீஸ் மூங்கில் கட்டி இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள். லதிகா டீச்சர் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். தாள் இல்லாத பட்டைகள் லேப் மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன. அந்த இடைவெளியில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. நீ என்னைக் கூப்பிடவில்லை, அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாய். அப்பா என்னிடம் வந்து, "விச்சுவுக்குப் பாசிட்டிவாம். நார்மலாத்தான் இருக்கான், பயப்படாதே" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவர் எதையோ மறைக்கிறார் என்று புரிந்தது. அவரும் பாவம், எத்தனை நாள் மறைப்பார்? உன் மூச்சு மோசமாகி, உன்னுடைய ஐசியுவிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். நீ மற்றவர்களுக்குச் செய்த வேலையை உன்னோடு டியூட்டி பார்த்த ஃபைசல் உனக்குச் செய்தான்.

யாரையும் உள்ளே விடமாட்டார்கள். யாரோ ஒரு நர்ஸ் பாவம் பார்த்து வீடியோ காலில் உன்னைக் காட்டினாள். குழாயும் டேப்பும்தான் தெரிந்தன, உன் காதை வைத்துத்தான் நீ என்று தெரிந்துகொண்டேன். அப்பா பூஜை அறையில் போய் உட்கார்ந்தவர் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூங்கில் தடுப்பை எடுத்துவிட்டதால் தாள் வந்து சேர்ந்திருந்தது. ஒருவரிடமும் பேசாமல் பொருத்திக்கொண்டே இருந்தேன். அடுத்த பெட்டி நிறைந்ததும் அதை நானே தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். அதை உன் ஐசியுவுக்குத்தானே சொல்லியிருந்தேன்! லதிகா டீச்சர் ஆட்டோ பிடித்துக் கொடுத்து, "போய்க்கோங்க டீச்சரே, இங்கே நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அவர் என் கண்ணைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஃபைசல் வந்தான். மாஸ்க் அழுத்திய இடமெல்லாம் முகத்தில் தழும்பு விழுந்திருந்தது. "ஆன்ட்டி, இன்னலே ஸ்டாக் வந்து. இப்போ எங்ககிட்ட வேண்டிய அளவுக்கு இருக்கு" என்றான். நேற்றே வந்துவிட்டதாம். நான் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அவன் ஷீல்டைத் தூக்கிண்டு ட்யூப் போட்டானாமே. அதனாலயா?"

"எல்லாரும் தூக்கினோம், ஆன்ட்டி. நானும் தூக்கினேன். எனக்கு ஒண்ணும் ஆகல்ல." அதைச் சொல்லும்போது அவன் ஏதோ குற்றம் செய்துவிட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் தொட்டு ஆறுதல் சொல்லவும் முடியாது, நடுவில் கயிறு கட்டியிருந்தது. மரத்தடியில் ஆம்புலன்ஸ் டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். விச்சு, அவர்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு நல்லவர்கள், பாவப்பட்டவர்கள், வேண்டியவர்கள் என்று உலகத்தில் யாருமே இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய். ஏழைக்கு ஒரு நியாயம், டாக்டருக்கு ஒரு நியாயம் கூடாது என்று நான் கறாராகப் பேசியதெல்லாம் உன் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாளோ என்னவோ, செல்வி நம் வீட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறக்காமல் தெருவிலேயே நின்றாள்.

"தம்பிக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன், டீச்சர்."

"ஆமா."

"வார்டுல பேசிக்கிடுதாவ. எங்களுக்குத் தந்த பெட்டியத்தான் தம்பி முதல்ல கேட்டாராம். நீங்க இல்லன்னுட்டியளாம். நெசமா, டீச்சர்?"

நீ போன் செய்தபோது உன் பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள், பேச்சு பரவியிருக்கும். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "நெசம்தான். கேட்டான்" என்றேன்.

"அப்போ எங்களாலயா?"

"இல்ல."

"ரெண்டு நாளா நான் அதப் போடல, டீச்சர். தலையில மாட்டப் போனா தம்பி ஞாபகம் வருது. இன்னொருத்தர் சோத்தப் பிடுங்கித் தின்ன மாதிரி இருக்கு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! கத்தினேன். "போடாம இருந்தா என் பிள்ளை எழுந்து வந்துடுவானா? அதுக்காகவா உனக்குக் குடுத்தேன்? உனக்கு ஏதாவது ஆயிட்டா, உன் பொண்ணு லேப்ல உட்கார்ந்து பரீட்சை எழுதறச்சே, அவ மூஞ்சிய நான் எப்படிப் பார்க்கறது? உன்னால இல்ல, கேட்டியா? யாராலயும் இல்ல. போட்டுண்டாத்தான் நீ இங்கேர்ந்து போகணும்!" தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. செல்வி பயந்துபோய், பையிலிருந்து அந்த ஷீல்டை எடுத்து, வெயில் காய்கிற அந்த வெறுந்தெருவில் தலையில் மாட்டிக்கொண்டாள். "போடுதேன், டீச்சர். அழாதீய" என்றாள். நான் அழுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. செல்விக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கும் அந்தச் சமயத்தில் ஒன்றும் ஆகவில்லை. அது ஷீல்டால்தானா என்பதும் எனக்குத் தெரியாது.

நீ பிழைத்து வந்தாய். ஆனால் போன விச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாய். குளிக்கப் போனால் அப்பா வெளியே ஸ்டூல் போட்டுக் காத்திருப்பார். ரொம்ப நாள் கழித்து டியூட்டிக்குத் திரும்பிய நீ, ஒரு நோயாளியின் வாயைத் திறந்ததும் குழாயைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாய் என்று ஃபைசல்தான் சொன்னான், நீ சொல்லவில்லை. அந்தப் படிப்பை விட்டாய். மறுபடி பரீட்சை எழுதி, ஸ்கேன் படம் பார்த்து எழுதிக் கொடுக்கிற துறைக்குப் போனாய். கொச்சியில் நல்ல ஆஸ்பத்திரி, நல்ல பெயர், எல்லாம் சரிதான். இருட்டறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனுஷர்களின் நெஞ்சுக்கூட்டைப் பார்க்கிற வேலை. யார் மூச்சும் உன் மேல் படாது. உன் கல்யாணத்தில் ஒருவர், "ஏன் லைனை மாத்திட்டேள்?" என்று கேட்டதற்கு, "இதுல ராத்திரி டியூட்டி கம்மி, மாமா" என்று சொல்லிச் சிரித்தாய். நான் பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஃபிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெட்டி உன்னிடம் வந்திருந்தால் உனக்கு நோய் வந்திருக்காதா? தெரியாது. நீ ஷீல்டைத் தூக்கிய அன்று வந்ததா, சாப்பிட மாஸ்க்கைக் கழற்றியபோது வந்ததா, ஹாஸ்டல் லிஃப்டில் வந்ததா, யாராலும் சொல்ல முடியாது. அந்த நிலைமையில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று இன்றைக்கு என்னிடம் கேட்டால், ஒன்றுமே இல்லாதவர்களுக்குத்தான் என்பேன். இப்போதும் அதைச் சரி என்றுதான் நினைக்கிறேன். நான் செய்தது தப்பு என்று தோன்றியிருந்தால் எப்போதோ உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன், நமக்குள் தீர்ந்திருக்கும். சரி என்று நினைப்பதால்தான் கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஆனால் ஒன்று. நீ 'பாதி?' என்று கேட்டாயே, அதற்கு நான் பதில் சொன்ன வேகத்தை மட்டும் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பாதி கொடுத்தால் அவர்களுக்குப் பத்தாது என்பது நிஜம். ஆனாலும் வேறு யாராவது கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். கேட்டது நீ என்பதால் யோசிக்கவே இல்லை. மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம், உனக்குச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

நீ அப்பாவாகப் போகிறாய். புத்திமதி சொல்லி அனுப்புவது வழக்கம், நானும் சொல்லிவிடுகிறேன். உன் குழந்தையை நியாயமாக வளர்த்துவிடுவாய், அதில் எனக்குக் கவலை இல்லை, உனக்கு வேறு விதமாக வளர்க்கத் தெரியாது. ஆனால் அது 'பரவாயில்லை' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. மெச்சிக்கொள்ளவும் செய்யாதே. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேள். இரண்டாம் தடவை கேட்கும்போது அது அழலாம், காலை உதைத்துக்கொண்டு, "எனக்குத்தான் வேணும், அவனுக்குக் குடுக்காதே" என்று கத்தலாம். கத்தட்டும். அதன் பிறகும் நீ அடுத்த வீட்டுக் குழந்தைக்கே கொடுக்க வேண்டி வரலாம், கொடு. ஆனால் உன் குழந்தை கத்தி முடித்திருக்க வேண்டும். நான் உன்னைக் கத்தவிட்டதில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, நல்ல பிள்ளை நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே உன் வாயை மூடிவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நீ நியூசிலாந்துக்குப் போவதற்கு என்மேலுள்ள வருத்தம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு உன்னைக் கட்டிப்போட முயற்சி செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. அங்கே காற்று சுத்தம் என்கிறார்கள், உன் மூச்சுக்கு நல்லது. போய் நன்றாக இரு. ஆனால் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு போகாதே. அங்கே போனால் இது இன்னும் கெட்டியாகிவிடும். போனில் நாம் இன்னும் நல்லவர்களாகிவிடுவோம். குழந்தையைக் காட்டுவாய், நான் கொஞ்சுவேன், அதற்குப் பிறகு பேசுவதற்கு இடமே இருக்காது.

சனிக்கிழமை அப்பா ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போகிறார், மறுநாள்தான் வருவார். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். காலை ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். வா. வந்து என்ன வேண்டுமானாலும் சொல்லு. "என் வார்டில் எத்தனையோ பேர் செத்தார்கள், நான் சாகக் கிடந்தேன், நீ உன் நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்" என்று சொல்லு. அல்லது நீ அன்று சொன்ன 'சரி' நிஜமாகவே உன் மனசிலிருந்து வந்தது என்றால் அதையாவது என் எதிரில் உட்கார்ந்து சொல்லு. நான் பதில் பேசமாட்டேன். நியாயம் விளக்கமாட்டேன். டீச்சர் மாதிரிப் பேசமாட்டேன். சமையல்கூட விசேஷமாக ஒன்றும் செய்யப்போவதில்லை.

அனுவைக் கூட்டிக்கொண்டு வராதே. அவள் இருந்தால் நீ நல்ல பிள்ளையாக இருந்துவிடுவாய்.

அம்மா